வெட்டிய வில்வம் போன இடம்

பிச்சாண்டிக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். பிறகு சத்தம் வரும். கோபத்தை விடத்தான் மடத்துக்கு வந்ததாக அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். வந்து மூன்று வருஷம் ஆகியும் அது குறைந்தபாடில்லை. அதற்கு வைராக்கியம் என்று பெயர் வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

மடத்துக்கு வருமுன் முப்பத்தொரு வருஷம் ஒரு நகரத்தில் மின்கம்பி வேலை பார்த்தவர். கம்பியில் உரசும் கிளைகளை வெட்டிச் சாய்ப்பார். சாய்த்ததை அப்படியே தெருவில் விட்டுவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போவார். வீட்டுக்காரர் யாராவது கேட்டால், "வெட்டறதுதாங்க நம்ம வேலை, அள்றது இல்ல" என்பார். அள்ளியது யார் என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

மடம் மேட்டில் இருந்தது. பின்னால் மலை. முன்னால் பதினொரு வில்வ மரங்கள். தோப்பைத் தாண்டினால் நிலம் கிழக்கே சரியும். சரிவில் ஒரு குளம். குளத்துக்கு அந்தண்டை கீழத்தெரு, நாற்பது வீடு. கோடையில் கீழத்தெரு மாடுகளுக்கு அந்தக் குளத்தை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

மடத்தில் குரு சௌந்தரம்மை. அவளுக்கு வயது நாற்பத்து மூன்று, சீடருக்கு அறுபத்தொன்று. அவள் அவரை ஐயா என்பாள். அவர் அவளை அம்மா என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

மாசி சிவராத்திரி முடிந்து பங்குனி பிறந்ததும் வில்வத்துக்குக் கவாத்து. காய்ந்த கொம்பையும் ஓட்டின் மேல் சாய்ந்த கிளைகளையும் கழித்துவிட்டால்தான் அடுத்த வருஷத்து அர்ச்சனைக்குப் புதுத் தளிர் வரும். பிச்சாண்டிக்குப் பழகிய வேலை. முதல் வருஷம் பதினொரு மரத்தையும் ஒரே நாளில் முடித்துவிட்டு இறங்கினார். கீழே இடுப்பளவு வில்வம் கிடந்தது. அவருக்குப் பகீர் என்றது.

"அம்மா, வில்வத்து மேல கால் படலாமா?"

அம்மை பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"சிவன் தலையில ஏர்றது. காலு பட்டா பாவம்."

"அப்போ கால் படாத இடமாப் பாத்துப் போடுங்க."

அவர் நெருப்பில் போட்டார்.

பதினோராவது மரத்தடியில் குவித்து, கற்பூரம் ஏற்றி, பதிகம் சொல்லிப் பற்றவைத்தார். பச்சைக் கிளை எங்கே எரியும்? இரண்டு நாள் புகைந்தது. காற்று கிழக்கே இறங்கியதால் மடத்தில் யாருக்கும் கண்கூடக் கரிக்கவில்லை. மிஞ்சிய சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டார். மழை வந்து எல்லா இடத்திலும் புல் முளைத்தபோது அந்த இடத்தில் மட்டும் மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. பதினோராவது மரம் நெருப்புப் பட்ட பக்கம் துளிர்க்கவே இல்லை. அதைப் பார்த்துப் பிச்சாண்டிக்கு மரத்தின் மேல்தான் கோபம் வந்தது.

இரண்டாம் வருஷம் பஞ்சாயத்துக் குப்பை டிராக்டரை வரவழைத்தார். கிளைகளை ஏற்றி, டிராக்டருக்கே சூடம் காட்டி அனுப்பிவைத்தார். டிராக்டர் சரிவில் இறங்கித் திரும்பி மறைந்தது. மறைந்ததும் அவர் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்.

மூன்றாம் வருஷம் அவருக்கு அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்தது. சாமிக்கு ஆனதை நீரில் விடுவதுதானே முறை. பிள்ளையாரையே குளத்தில் கரைக்கிறோம். அவர் ஒருவராகவே எல்லாக் கிளைகளையும் சரிவில் இழுத்துப்போய், கட்டுக் கட்டாகக் கட்டி, மிதக்காமல் இருக்கக் கல்லைச் சேர்த்துக் கட்டி, குளத்தில் இறக்கினார். நீர் மூடிக்கொண்டது. கரையில் நின்று கும்பிட்டார். இனி எந்தக் காலும் படாது.

வாரம் திரும்பியதும் தண்ணீர் தேயிலைச் சாறு போல நிறம் மாறியது. பன்னிரண்டாம் நாள் கறுத்தது. பதின்மூன்றாம் நாள் காலையில் பச்சையம்மாள் மடத்துக்கு வந்தாள்.

பச்சையம்மாள் கீழத்தெருக்காரி. இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவள். ஒன்று நிறைசினை. தோப்பு வாசலில் ஒரு பலகை உண்டு, 'குளிக்காமல் தோப்புக்குள் கால் வைக்கக் கூடாது' என்று. பிச்சாண்டி சிவப்புப் பெயிண்டில் எழுதி மாட்டியது. வடக்கே ரோட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அப்படி ஒரு பலகை கிடையாது, கிழக்கு வாசலுக்கு மட்டும்தான். கீழத்தெருவில் யாரும் குளிப்பதில்லை என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. பச்சையம்மாள் பலகைக்கு வெளியே நின்று, இடுப்பிலிருந்த கூடையைக் கவிழ்த்தாள். கெண்டை மீன்கள். எல்லாம் வாயைப் பிளந்து செத்திருந்தன.

"இந்தா சாமி. இதுக்கும் ஒரு சூடம் காட்டு."

பிச்சாண்டியின் காது சிவந்தது. "மடத்து வாசல்ல மீனைக் கொட்டறியா?"

"எங்க கொளத்துல நீ கொட்டலையா?"

"நான் கொட்டினது வில்வம். அது மருந்து. வில்வத்தால மீன் சாகுமா? நீங்க சோப்பு போட்டுத் துவைக்கிறீங்க, அதுல செத்திருக்கும்."

"இருவது வருசமா துவைக்கிறோம். மீனு இந்த மாசம்தான் செத்துச்சு."

"வில்வத்தைப் பழி சொல்லாதே."

"வில்வத்த யாரு சொன்னா? உன்னச் சொல்றேன். எருமை ரெண்டு நாளா தண்ணியில மூஞ்சி வைக்கல. மோந்து பாத்துட்டுத் திரும்பிடுது. வயித்துல கன்னு இருக்குது. அதுக்கு நான் எங்க போயித் தண்ணி கொண்டாருவேன்? மழைக்கி இன்னும் மூணு மாசம் கெடக்குது."

சத்தம் கேட்டு அம்மை வந்தாள். மீன்களைப் பார்த்தாள். பச்சையம்மாளைப் பார்த்தாள். பிச்சாண்டியிடம் திரும்பினாள்.

"ஐயா, இன்னிக்குத் தீர்த்தம் குடுத்தீங்களா?"

தினமும் விடியலில் அவர்தான் தீர்த்தம் கொடுப்பார். முதல் நாள் மாலையே செம்புச் சொம்பில் வில்வம் ஊறப்போட்டு, மறுநாள் ஆளுக்கு ஒரு கை.

"ஆச்சும்மா. நீங்க குடிச்சீங்களே."

"இன்னொரு கை வேணும். சொம்பை எடுத்துட்டுப் போயிக் குளத்துல மொண்டுட்டு வாங்க."

அவருக்குப் புரியவில்லை. போனார். குளத்தை நெருங்கும்போதே நாற்றம் அடித்தது. கரையோரம் மேலே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன இன்னும் சாகாத சில மீன்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மொண்டு வந்தார்.

அம்மை வலக்கையைக் குழித்து நீட்டினாள்.

"ஊத்துங்க."

"அம்மா..."

"ஒரு கொத்து இலை ராத்திரி ஊறினா தீர்த்தம்னு குடுக்கறீங்க. இதுல பதினொரு மரம் பதிமூணு நாள் ஊறியிருக்கு. ஊத்துங்க."

அவர் ஊற்றினார். கறுப்பாக விழுந்தது. அம்மை அதை வாய்க்குக் கொண்டுபோனாள். விளையாட்டுக்கு அல்ல என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷத்தில் குருவின் மேல் விரல்கூடப் படாதவர், அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"குடிக்கக் கூடாதும்மா."

"எனக்குக் கூடாதா, எருமைக்குக் கூடாதா?"

அம்மையின் கையிலிருந்த நீர் விரலிடுக்கில் வழிந்து மீன்களின் மேல் சொட்டியது.

பச்சையம்மாள் இதையெல்லாம் பார்த்துக் குளிர்ந்துவிடவில்லை.

"கூத்து நல்லாத்தான் இருக்குது. என் எருமைக்கித் தண்ணி?"

அம்மையின் முகம் மாறியது. "மடத்துக் கிணறு இருக்கும்மா. கீழத்தெரு மாடு எல்லாத்துக்கும் குளம் தெளியற வரைக்கும் தொட்டியில தண்ணி இருக்கும். ஐயா இறைப்பாரு."

"அது இன்னிக்கி. மொத வருசம் பொகையைப் போட்டீங்க. எங்க மாமியா ரெண்டு நாளு உக்காந்தபடியே மூச்சு வாங்கிச்சு. போன வருசம் எங்க முதுவுக்குப் பின்னாடி குப்பையாக் கொட்டனீங்க. இந்த வருசம் தண்ணி. இவரு கெடக்காரு. நீங்க பெரியவங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பிச்சாண்டி பொங்கினார். "யாரைப் பாத்துப் பேசறே?"

"நீங்க சும்மா இருங்க ஐயா." அம்மையின் குரல் அப்படி உயர்ந்து அவர் கேட்டதில்லை. "அவங்க கேக்கறது சரி. புகையை நானும் பாத்தேன். காத்து கிழக்கே போச்சு, நம்ம பக்கம் வரல. வரலைங்கறதால சும்மா இருந்துட்டேன். கால் படாத இடமாப் பாருங்கன்னு சொன்னவளும் நான்தான். எந்த இடம்னு கேக்கல. அந்தக் கோபத்துல பாதி எனக்கு வர வேண்டியது."

பிறகு அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையைத் தாண்டிச் சரிவில் இறங்கினாள்.

குளத்தில் போட்டதை வெளியே எடுக்க ஐந்து நாள் ஆனது. போட ஒன்றரை நாள்தான் ஆகியிருந்தது. பிச்சாண்டி முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரர், முப்பத்தொரு வருஷம் கயிற்றை நம்பி உயரத்தில் தொங்கியவர். அந்த முடிச்சு ஒவ்வொன்றையும் கழுத்தளவு கறுப்பு நீரில் நின்று அவரே அவிழ்க்க வேண்டியிருந்தது. இலை அழுகிக் கூழாகி, முள் மட்டும் அப்படியே இருந்தது. கை கால் எல்லாம் கிழித்தது. கீழத்தெரு ஆட்கள் சிலர் இறங்கினார்கள். அம்மையும் இறங்கினாள். பச்சையம்மாள் மூன்று நாள் வந்தாள், ஒரு வார்த்தைகூட அவரிடம் பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

காலையும் மாலையும் அவர் கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்பினார். மாடுகள் வந்து குடித்துவிட்டுப் போயின. நிறைசினை எருமை மட்டும் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கி அவரைச் சற்று நேரம் பார்க்கும். அதன் மேலும் அவருக்குக் கோபம் வந்தது.

ஆறாம் நாள் கரையில் கறுப்பாக ஒரு மலை நின்றது.

"டிராக்டரைக் கூப்பிடட்டுமாம்மா?"

"போன வருஷம் அனுப்பினீங்களே, அது எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்க. அப்புறம் கூப்பிடலாம்."

அவர் நடந்தார். டிராக்டர் போன தடம் சரிவில் இறங்கி, குளத்தைச் சுற்றி, கீழத்தெருவின் கடைசி வீட்டுக்குப் பின்னால் போய் நின்றது. நின்ற இடத்தில் ஊர்க் குப்பை எல்லாம் மேடாகக் கிடந்தது. பாலிதீன் பை, கோழி இறகு, கிழிந்த மெத்தை. மேடு அடியில் புகைந்துகொண்டிருந்தது. யாரும் பற்றவைக்கவில்லை, உள்ளுக்குள்ளேயே கனல்கிறது, வருஷம் முழுக்க அணையாது என்றார் அங்கே வேலியோரம் நின்றவர். அவர் கண் சிவந்திருந்தது. அவருக்குப் பழகிப்போயிருந்தது.

மேட்டின் ஓரத்தில் பாதி கருகிய கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிச்சாண்டி அதை உருவிப் பார்த்தார். மேலிருந்து சாய்வாக இறங்கிய ஒரே வெட்டு. அவர் கை வெட்டு. உலகத்தில் எங்கே பார்த்தாலும் அவருக்கு அடையாளம் தெரியும். அதில் ஒரு பிளாஸ்டிக் பை உருகி ஒட்டியிருந்தது. பக்கத்தில் யாரோ தூக்கிப்போட்ட நாப்கின் ஒன்று.

கால் படக் கூடாது என்று சூடம் காட்டி அனுப்பிய வில்வம் அது.

அவர் திரும்பி வரும்போது காது சிவந்திருந்தது. ஆனால் யார் மேல் சத்தம் போடுவது என்று தெரியவில்லை. கரையில் அம்மையும் பச்சையம்மாளும் நின்றிருந்தார்கள்.

"எங்க இருக்கு?" என்றாள் அம்மை.

"இவங்க தெருவுக்குப் பின்னாடி."

"புகை?"

"இவங்க தெருவுக்கு."

"தண்ணி?"

அவர் குளத்தைக் கை காட்டினார்.

அம்மை பச்சையம்மாளிடம் கேட்டாள். "உங்க வீட்டுக் கொல்லையில மரம் கழிச்சா என்ன பண்ணுவீங்க?"

பச்சையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதை மொத வருசமே கேட்டிருந்தா என் மாமியா நல்லாத் தூங்கியிருக்கும். என்ன பண்ணுவோம்? முள்ளுக் கெளையை வேலிக்கிச் சொருவுவோம். மத்த சிம்பு, தழை எல்லாத்தையும் பொடியா நறுக்கி அந்த மரத்து வேருக்கே பரப்பிடுவோம். கோடையில ஈரம் காயாது. ரெண்டு மழை பேஞ்சா மண்ணாயிடும். அது அது தின்ன சோறு, அது கிட்டயே போட்டுடறது. வேற எவன் தலையில கொண்டு போயிக் கொட்டுவாங்க?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். போனவள் மறுநாள் காலை வெட்டுக்கத்தியோடு வந்தாள்.

மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து நறுக்கினார்கள். கொம்புகளும் முள்ளும் தனியே போயின. பதினோராவது மரத்தின் கருகிய பக்கத்தில் ஆடு ஏறாமல் பிச்சாண்டி முள்வேலி கட்டினார். நறுக்கிய சிம்பை மேட்டுக்கு ஏற்றி மரத்தடியில் பரப்ப வேண்டும். அம்மை கரையில் நறுக்குவது, பச்சையம்மாள் சுமந்து வருவது, பிச்சாண்டி பரப்புவது என்று வேலை பிரிந்தது.

செங்கல்லாக இறுகிய இடத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் நான்கு நடையும் பச்சையம்மாள் பலகைக்கு வெளியே இறக்கினாள். அவர் அங்கிருந்து அள்ளி வந்தார். வெயில் ஏறியது. அவருக்கும் முதுகு விட்டுப்போனது. தோப்பு வாசலிலிருந்து மரம் வரைக்கும் சிந்திச் சிதறி, வழியெல்லாம் வில்வமாகிவிட்டது. அவர் அதன் மேல் படாமல் நுனிக்காலில் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நடையில் பச்சையம்மாள் இறக்கவில்லை. கூடையோடு பலகையடியில் நின்றாள். கூடையிலிருந்து கறுப்பு நீர் கசிந்து அவள் நெற்றியிலும் கன்னத்திலும் ஓடியது.

"தள்ளு சாமி. நானே கொண்டாந்து மரத்தடியில கொட்டிடறேன்."

"இங்கயே இறக்கு. நான் எடுத்துக்கறேன்."

"ஒரு பாரத்துக்கு ரெண்டு தரம் குனியணுமா? என் கழுத்து என்ன இரும்பா?"

"வழியெல்லாம் வில்வம் கெடக்குது. காலு படும்."

பச்சையம்மாள் சத்தம் போடவில்லை.

"எங்க மூச்சுல போட்டே. எங்க வாசல்ல போட்டே. எங்க தண்ணியில போட்டே. அப்ப எந்தக் காலுன்னு கேட்டியா? சொல்லு சாமி. உள்ள வரலாமா, இல்ல இதைத் திரும்பவும் கொளத்துலயே கொட்டிட்டு நான் ஊட்டுக்குப் போவட்டுமா?"

அவருக்குக் காது கொதித்தது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரியும். குப்பை மேட்டில் தம் கை வெட்டைப் பார்த்துவிட்டு வந்தவர். ஆனாலும் அந்தக் காலைப் பார்த்தார். வெடித்த குதிகால், முள் கிழித்த கோடுகள், குளத்துச் சேறு. அறுபது வருஷமாக மனசுக்குள் இருந்த ஏதோ ஒன்று இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றது. வாசலின் நடுவில் அவர் அப்படியே நின்றார்.

சரிவில் அம்மை இன்னொரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. வில்வத்து மேல கால் படலாமா?"

முதல் வருஷம் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை அம்மை தலை நிமிர்ந்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபம்தான். வேறு பெயர் எதுவும் அதற்குப் பொருந்தாது.

"வில்வம் அவங்க தலை மேல இருக்கு, ஐயா. நீங்க காலையே பாத்துக்கிட்டு வழியில நிக்கறீங்க. நகருங்க."